புறவுலகு மிகுந்தோர்: ஆட்டிசத் தன்வரலாறுகளில் புலனுணர்வும் 'கூச்சம்' என்னும் தமிழ்ச்சொல்லும்

ஆய்வுச்சுருக்கம்

ஆட்டிசமுடையோரின் மிகையான புலனுணர்வு பற்றி மருத்துவர் எழுதியனவும், ஆட்டிசமுடையோர் தாமே எழுதியனவும் ஒரே நிகழ்வுக்கு இருவேறு பொருள் கொள்கின்றன. லியோ கன்னரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையோடு டெம்பிள் கிராண்டின், டோனா வில்லியம்ஸ், மெல் பேக்ஸ் ஆகியோரின் படைப்புகளை எதிர்வைத்து இக்கட்டுரை அவ்வேறுபாட்டை ஆராய்கிறது. தொல்காப்பிய உவமவியலின் பாகுபாடும் 'கூசு' என்னும் வினையின் பொருட்பரப்பும் இதற்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழில் வழங்கும் ஆட்சிச்சொல் மருத்துவர் கொண்ட பொருளையே சுமந்து நிற்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், தன்வரலாறு, புலனுணர்வு, உவமை, கூச்சம், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

தமிழ்நாட்டரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்திட்டங்களில் ஆட்டிசமுடையோரைக் குறிக்கப் 'புறவுலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்' என்னும் தொடர் வழங்கி வருகிறது. இத்தொடரின் இரு பகுதிகளும் தனித்தனியே நோக்கத்தக்கன. புறவுலகைப் பற்றிய எண்ணம் இவர்க்கு இல்லை என்கிறது முதற்பகுதி. உள்ளே ஏதோ ஒன்று இறுகிக் கிடக்கிறது என்கிறது அடுத்த பகுதி. இதனை ஆக்கியோர்மீது பெரிதும் குறைகூற இயலாது. 'ஆட்டிசம்' என்னும் மூலச்சொல்லே 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததாகும். மனச்சிதைவுடையோர் சிலர் புறவுலகை விட்டுத் தம்முள் ஒடுங்கும் நிலையைச் சுட்டுவதற்கு, சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜென் புளூலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல்லைப் படைத்தார். தமிழாக்கியோர் மூலச்சொல்லின் கருத்தைச் சரியாகவே பெயர்த்துள்ளனர். சிக்கல் அக்கருத்திலேயே உள்ளது.

ஆட்டிசமுடையோர் தம் வாழ்வைத் தாமே எழுதத் தொடங்கியபோது கூறியது இதற்கு நேர்மாறானது. புறவுலகு அவர்களுக்கு இல்லாமற் போகவில்லை. அளவுக்கு மீறி வந்து விழுகிறது. பிறர் செவிக்கு எட்டாத மின்விசிறியின் இரைச்சல், பிறர் உணராத சட்டைத் தையலின் உறுத்தல், குழல்விளக்கின் நடுக்கம் என யாவும் ஒருங்கே, ஒரே அழுத்தத்தோடு வந்து சேர்கின்றன. அவ்வாறிருக்க, இவர்களைப் 'புறவுலகச் சிந்தனையற்றோர்' எனும் வழக்கு எவ்வாறு நிலைபெற்றது? இவ்வினாவுக்கு விடை தேட மருத்துவ வரலாற்றின் ஒரு பத்தியை இலக்கியத் திறனாய்வாளர் படிக்கும் முறையிற் படித்தல் வேண்டும் எனக் கருதுகிறேன்.

இங்கு எடுத்துக்கொண்ட நூல்களின் வரம்பு பற்றி ஒரு குறிப்பு. ஜப்பானியச் சிறுவர் நவோகி ஹிகாஷிதாவின் நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. எனினும் எழுத்துப் பலகையின் துணையோடு ஆக்கப்பட்டதாதலின் அதன் ஆசிரியத்துவம் குறித்துக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. சான்றாகக் கொள்ளும் நூலில் இத்தகைய ஐயம் இருத்தல் ஆகாது என்பதால் அது விடப்பட்டது.

கன்னர் கண்டதும் கொண்டதும்

லியோ கன்னர் 1943இல் வெளியிட்ட கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது. ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகிற்கு அறிமுகமானது இக்கட்டுரை வழியாகவே. கன்னர் கூர்த்த பார்வையுடையவர். தாம் கண்டதை விடாமல் எழுதும் நேர்மையும் அவர்க்கு உண்டு. அக்குழந்தைகளுக்குப் பேரொலியும் அசையும் பொருள்களும் பெரும் அச்சத்தை விளைத்தன என்று அவர் பதிவு செய்கிறார். அவர் தரும் பட்டியல் ஓர் அமெரிக்க வீட்டின் அன்றாடத்தையே கண்முன் நிறுத்துவது: மூன்றுசக்கர வண்டி, ஊஞ்சல், மின்தூக்கி, தூசி உறிஞ்சும் கருவி, ஓடும் நீர், எரிவாயு அடுப்பு, விசைப் பொம்மை, முட்டை அடிக்கும் கருவி, சிலபோது காற்றுங்கூட. தூசி உறிஞ்சும் கருவி வைக்கப்பட்டிருந்த அலமாரியின் அருகே செல்வதற்கும் அஞ்சிய குழந்தையொன்றையும் அவர் குறிப்பிடுகிறார்.

இதுவரை கன்னர் கண்டது. இதற்குமேல் அவர் கொண்டது வருகிறது. குழந்தை அஞ்சுவது ஒலியை அன்று. அவ்வொலி தன் தனிமைக்குள் புகுவதையே அஞ்சுகிறது என்பது அவர் முடிபு. இதற்கு அவர் காட்டும் சான்று, அதே குழந்தை அதே அளவு பேரொலியைத் தானே எழுப்பும்போது மகிழ்கிறது என்பதாகும். ஒலியே துன்பமாயின், தானெழுப்பும் ஒலியும் துன்பமாக வேண்டுமன்றோ எனும் அளவைநெறி இதில் மறைந்து நிற்கிறது. கேட்பதற்குப் பொருந்துவது போன்ற வாதம். புலன் பற்றிய ஒரு செய்தி இந்த ஓரிடத்தில் உறவு பற்றிய செய்தியாக மாற்றி எழுதப்பட்டுவிட்டது. அதன்பின் வந்தோர் பலர் அலமாரியை மறந்தனர். தனிமையை மட்டும் நினைவிற் கொண்டனர்.

இம்மாற்றம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. குழந்தை உலகை விலக்குகிறது எனின், எதற்காக விலக்குகிறது என்னும் வினா எழும். அன்பற்ற பெற்றோரே காரணம் என்ற விடையைப் புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். தாயர் பலர் இக்கோட்பாட்டின் பெயரால் குற்றஞ்சாட்டப்பட்டனர். மாற்றுக்குரல் முற்றிலும் இல்லாமலில்லை. கன்னரை அடுத்த ஆண்டு எழுதிய ஹான்ஸ் அஸ்பெர்கர் சுவை, தொடுகை, ஒலி ஆகியவற்றில் இக்குழந்தைகளிடம் மிகையும் குறையும் கலந்திருத்தலைக் குறித்துள்ளார். பெர்க்மன், எஸ்கலோனா ஆகிய இருவரும் 1949இல் குழந்தைகளின் வழக்கத்திற்கு மாறான உணர்திறன்களைப் பற்றியே தனிக்கட்டுரை எழுதினர். ஆயினும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, புலன்வழி மிகையையும் குறையையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக வெளிப்படையாகச் சேர்த்தது 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலேதான். கன்னர் கண்டதற்கும் கையேடு ஏற்றதற்கும் இடையே 70 ஆண்டுகள் கழிந்தன. இந்த இடைவெளியில் எழுதப்பட்டவையே தன்வரலாறுகள்.

கிராண்டினின் நெம்புகோல்

டெம்பிள் கிராண்டின் 1947இல் பிறந்தவர்; கால்நடை அறிவியலறிஞர். இவருடைய முதல் தன்வரலாறு 1986இலும், 'திங்க்கிங் இன் பிக்சர்ஸ்' என்னும் நூல் 1995இலும் வெளிவந்தன. இவ்விரண்டாம் நூலின் ஓர் இயல் முழுவதும் புலன் துன்பத்தைப் பற்றியது. அணைப்பை விரும்பியும் அணைப்பைத் தாங்க இயலாமல் உடல் விறைத்த குழந்தை அதில் வருகிறாள். அன்பு வேண்டாம் என்று அவள் விலகவில்லை. அணைப்பு, பேரலைபோல் உணர்ச்சியை அள்ளிக் கொட்டியதால் விலகினாள். புறத்தே நின்று காண்போர்க்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

தம் இளமையில் அரிசோனாவிலுள்ள அத்தையின் பண்ணைக்குச் சென்ற கிராண்டின், தடுப்பூசிக்காக மாடுகளை இருபுறமும் பலகைகளால் அழுத்திப் பிடிக்கும் கூண்டைக் கண்டார். மிரண்ட மாடுகள் சில அவ்வழுத்தத்தில் அமைதியடைவதை நோக்கினார். தாமும் அதனுள் நின்று பார்த்தார். பின்னர் மரப்பலகையும் மென்பஞ்சும் கொண்டு தமக்கென ஓர் அழுத்தப்பொறி செய்துகொண்டார். அப்பொறியின் அமைப்பில் திறனாய்வாளர் கருதவேண்டிய உறுப்பு ஒன்றுண்டு. அதன் நெம்புகோல் உள்ளே இருப்பவர் கையில் உள்ளது. எவ்வளவு அழுத்தம், எத்தனை நேரம், எப்போது விடுதலை என்பனவற்றை அவரே முடிவு செய்வார்.

கன்னரின் சான்றை இப்போது மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். தானே எழுப்பும் ஒலியில் மகிழ்ந்த குழந்தை, பிறர் எழுப்பும் ஒலிக்கு அஞ்சியது. கன்னர் இதிலிருந்து 'ஆகவே ஒலி காரணமன்று' என்றார். கிராண்டினின் பொறி இதே செய்தியிலிருந்து வேறொரு முடிவுக்கு வழிகாட்டுகிறது. எப்போது வரும், எவ்வளவு வரும், எப்போது நிற்கும் என்று தெரிந்த ஒலி ஒருவகைப் புலனுணர்வு. தெரியாத ஒலி வேறுவகைப் புலனுணர்வு. நெம்புகோல் யார் கையில் என்பது புலனுணர்வுக்குப் புறம்பானதன்று. அதன் உள்ளுறுப்பே ஆகும். கன்னரின் கண் தவறு செய்யவில்லை; அவர் கொண்ட பொருளே தவறியது. குழந்தை தன் கையால் முட்டை அடிக்கும் கருவியைச் சுழற்றுவதும் கிராண்டின் நெம்புகோலை இழுப்பதும் ஒரே செயலின் இரு வடிவங்கள் என்று கொள்வதற்குத் தடையில்லை.

இதனினும் வலிய செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. பொறியைப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே வீட்டுப் பூனையை மென்மையாகத் தடவக் கற்றுக்கொண்டதாகக் கிராண்டின் எழுதுகிறார். பூனையும் முன்போல் விலகி ஓடாமல் அவரிடம் தங்கத் தொடங்கியது. உறவு குன்றியதால் புலன் அஞ்சுகிறது என்பது கன்னரின் வரிசை. புலன் ஆறியதும் உறவு தளிர்த்தது என்பது கிராண்டினின் வரிசை. மரபியலில் உயிர்களை அறிவால் வகுக்கும் தொல்காப்பியர் தொடுவுணர்வையே முதல் அறிவாக வைப்பது இவ்விடத்து நினைவுக்கு வருகிறது. அவ்வகுப்பு வேறு நோக்கத்தது. அதனை ஆட்டிசத்தோடு வலிந்து பொருத்துதல் முறையன்று. எனினும் தொடுகையை அடித்தளமாகக் கொண்டு பிறவற்றை அதன்மேல் அடுக்கும் ஒரு சிந்தனை தமிழ்க்கல்வியுடைய வாசகர்க்குப் புதியதன்று.

கிராண்டினிடம் குறை இல்லாமலும் இல்லை. ஆட்டிசமுடையோர் யாவரும் தம்மைப்போலப் படங்களாலேயே சிந்திப்பர் என்று முதற்பதிப்பில் அவர் பொதுமையாக்கியதும், பின்னர் 2006ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைத் திருத்திக்கொண்டதும் அறிந்தவையே. ஒருவரின் தன்வரலாறு ஓர் இனத்தின் இலக்கணம் ஆகாது.

உவமையின் வேலை

தம் புலனுணர்வைப் பிறர்க்கு உணர்த்தவேண்டிய நிலையில் கிராண்டின் கையாளும் கருவி உவமை. திடீர்ப் பேரொலி, பல் மருத்துவரின் துளைக்கருவி நரம்பைத் தீண்டியது போன்றது. உள்பாவாடையின் உறுத்தல், உப்புத்தாள் தேய்ப்பது போன்றது. செவியோ எந்நேரமும் திறந்து கிடக்கும் ஒலிவாங்கி போன்றது. அதை முழுதாகத் திறந்து வெள்ளத்தில் மூழ்கலாம், அல்லது முழுதாக அடைத்துவிடலாம். இடைப்பட்ட நிலை இல்லை. இவ்வீற்று உவமை பொருள் செறிந்தது. அழைத்தாலும் திரும்பாத குழந்தையைச் செவிடோ என்று ஐயுறுவது எங்கும் காணும் வழக்கம். அக்குழந்தை கேளாமல் இருக்கவில்லை. கேட்டுத் தாளாமல் அடைத்திருக்கலாம்.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுப்பார். கிராண்டினின் உவமைகளை இந்நான்கனுள் எங்கு வைப்பது? பள்ளி மணியோசைக்கும் துளைக்கருவிக்கும் வடிவில் ஒப்புமை இல்லை, நிறத்திலும் இல்லை. மெய்யும் உருவும் இங்குச் செயலற்றுப் போகின்றன. ஒப்புமை முழுவதும் வினையிலும், அவ்வினை உடலில் விளைக்கும் பயனிலும் உள்ளது. அழகியல் நோக்கில் எழுதும் கவிஞர் ஒருவர் மெய்யுவமத்தையும் உருவுவமத்தையும் நாடுவது இயல்பு. இவ்வெழுத்தாளரோ வினையையும் பயனையும் விட்டு அகல்வதில்லை. உவமை அவர்க்கு அணியன்று, சாட்சியம்.

உவமை உயர்ந்ததன்மேல் அமையவேண்டும் என்னும் மரபும் இங்குக் கருதத்தக்கது. முகத்தைவிட மதி உயர்ந்தது என்பதால் முகத்திற்கு மதி உவமையாகிறது. ஆட்டிசத் தன்வரலாறுகளில் இம்மரபு தலைகீழாகிறது. உவமையாக வரும் பொருள் வாசகர் அறிந்த சிறுதுன்பம். உவமிக்கப்படுவது அதனினும் பெரியது. பல் மருத்துவரிடம் செல்வது ஆண்டுக்கு ஒருமுறை; மணி அடிப்பதோ நாளுக்குப் பலமுறை. வாசகர் தம் அனுபவத்திலிருந்து எட்டக்கூடிய உச்சம் உவமையோடு முடிந்துவிடுகிறது. எழுதுபவரின் அனுபவம் அதற்குமேல் செல்கிறது. எனவே இவ்வுவமைகள் வெற்றி பெறுந்தோறும் ஓர் இழப்பும் நேர்கிறது. 'எனக்கும் உப்புத்தாள் தெரியும்' என்று வாசகர் நிறைவடைந்துவிடுகிறார். கூட்டத்தில் யாருக்கும்தான் எரிச்சல் வரும், மிக்சி சத்தம் யாருக்குத்தான் பிடிக்கும் என்னும் அன்றாட ஆறுதல் மொழிகள் இந்நிறைவிலிருந்தே பிறக்கின்றன.

வெற்றுவெளியில் உள்ளவை

புலன்கூர்மை என்றால் துன்பம் மட்டுமே என்று கொள்வதும் பொருந்தாது. ஆஸ்திரேலியரான டோனா வில்லியம்ஸ் 1992இல் வெளியிட்ட 'நோபடி நோவேர்' நூலின் தொடக்கப் பக்கங்கள் இதற்குச் சான்று. சிறுமியாக இருந்தபோது, வெற்றுவெளியை உற்று நோக்கினால் காற்று முழுவதும் புள்ளிகளால் நிறைந்திருப்பதைக் கண்டதாக அவர் எழுதுகிறார். அப்புள்ளிகளில் தன்னை இழப்பது அவருக்குப் பேரின்பம். குறுக்கே வரும் மனிதர்கள் அக்காட்சியை மறைக்கும் தடைகள். அவர்கள் பேசுவது பொருளற்ற ஓசை. அவர்களை ஊடுருவிப் புள்ளிகளையே அமைதியாக நோக்கியிருக்கையில் கன்னத்தில் அறை விழுகிறது. அவ்வறையையே உலகத்தைப் பற்றிய தம் முதற்பாடமாக அவர் குறிக்கும் இடம், நூலின் மிகச் சுருக்கமான, மிகக் கூர்மையான பகுதி. புகாரோ கழிவிரக்கமோ அதில் இல்லை. இந்த அடக்கமே அவ்வெழுத்தின் வலிமை என்பேன்.

இதனோடு நம் நாட்டு ஆவணம் ஒன்றையும் ஒப்புநோக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அதனை அளப்பதற்கு இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. அது 40 கூறுகளையும் ஆறு பகுதிகளையும் உடையது. புலன் சார்ந்த பகுதி ஒன்று அதில் தனியே அமைந்திருப்பது பாராட்டத்தக்கது. கன்னரின் வழியினர் பலர் மறந்ததை இவ்வளவுகோல் மறக்கவில்லை. ஆயின் அப்பகுதியின் கூறுகள் அமைந்துள்ள முறை கருதற்குரியது. நெடுநேரம் வெற்றுவெளியை வெறித்து நோக்குதல், வலியை உணராமை, பொருள்களையும் மனிதர்களையும் முகர்ந்தும் தொட்டும் சுவைத்தும் அறிதல் என அவை செல்கின்றன. யாவும் எதிரே அமர்ந்திருப்பவர் காண்பவை. 'வெற்றுவெளி' என்னும் சொல்லை அளவுகோலும் வில்லியம்ஸும் ஒருங்கே ஆள்கின்றனர். அளவுகோலுக்கு அது உண்மையிலேயே வெறுமை. வில்லியம்ஸுக்கு அது பிறர் அவ்வாறு கருதும் இடம். அவர் கண்ணுக்கு அது நிறைந்து கிடக்கிறது.

அளவுகோல் ஒன்று பார்ப்பவர் நிலையிலிருந்துதான் எழுதப்பட இயலும். சான்றிதழ் வழங்கும் கடமையுடைய கருவி அது. அதனிடம் தன்வரலாற்றின் நுட்பத்தை எதிர்பார்த்தல் தகாது. ஆனால் அளவுகோலின் மொழியே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய மொழியாக இறங்கி வரும்போது, 'வெறித்துப் பார்க்கிறான்' என்பதற்கு அப்பால் ஒரு வினா எழாமற் போகிறது.

மெல் பேக்ஸ் 2007இல் வெளியிட்ட 'இன் மை லாங்குவேஜ்' என்னும் காணொளி எட்டு நிமிடங்களுக்கு மேற்பட்டது. முற்பகுதியில் சொற்களே இல்லை. அவர் முணுமுணுக்கிறார், கைகளை அசைக்கிறார், புத்தகத்தில் முகத்தைத் தேய்க்கிறார், குழாய்நீரில் விரல்களை ஓடவிடுகிறார். பிற்பகுதியில், தட்டெழுதிய சொற்களைக் கணினியின் குரல் படிக்க, முற்பகுதிக்கு 'மொழிபெயர்ப்பு' வழங்கப்படுகிறது. அதில் அவர் கூறும் ஒரு செய்தி இலக்கிய மாணவர்க்கு அதிர்ச்சி தருவது. நீர் இங்கே எதற்கும் குறியீடன்று, நான் நீரோடு உறவாடுகிறேன், நீர் என்னோடு உறவாடுகிறது, அவ்வளவே என்கிறார். காணும் பொருளிலெல்லாம் உள்ளுறையும் இறைச்சியும் தேடப் பழகிய நமக்கு இது நல்ல கடிவாளம். கிராண்டின் வாசகரின் உலகிலிருந்து உவமைகளைக் கடன்வாங்கினார். பேக்ஸ் அக்கடனை வாங்க மறுக்கிறார். இருவருள் யார் வழி சிறந்தது என்பதைவிட, முதல்வழி எவ்வளவு விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதை இரண்டாம் வழி காட்டுகிறது எனலாம்.

கூச்சம்

இத்துறைக்குத் தமிழில் எழுதுவோர் 'மிகையுணர்திறன்', 'புலன் ஒருங்கிணைவுக் குறைபாடு' முதலிய கலைச்சொற்களை ஆள்கின்றனர். இவை தவறானவையல்ல. எனினும் மக்கள் வழக்கில் இவ்வனுபவத்திற்கு ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. வெயிலில் கண் கூசுகிறது. புளிப்பில் பல் கூசுகிறது. விலாவில் கைபட்டால் உடம்பு கூசுகிறது. புலனுக்கு வந்து சேர்வது புலனின் தாங்குதிறனை மீறும்போது நிகழ்வதைத் தமிழ் 'கூச்சம்' என்கிறது. பல் மருத்துவரும் நோயாளியும் இச்சொல்லைப் பொருள்விளக்கம் இன்றியே பகிர்ந்துகொள்கின்றனர்.

இதே சொல் நாணத்தையும் குறிக்கும். புதியவர்முன் பேசக் கூசும் குழந்தை 'கூச்ச சுபாவம்' உடையது எனப்படும். அறச்சார்பும் இதற்குண்டு, நாக்கூசாமல் பொய் சொல்லுதல், காது கூசும் வசவு என்பன வழக்குகள். ஆகப் புலன், சமூகம், அறம் என்னும் மூன்று தளங்களிலும் ஒரே வினை இயங்குகிறது. கன்னரின் பத்தியில் நிகழ்ந்த நழுவல் தமிழில் ஒரே சொல்லுக்குள் நிகழக்கூடியது என்பது இதனால் புலனாகும். புலன்வழிக் கூச்சத்தைச் சமூகவழிக் கூச்சமாகப் படிப்பதற்கு இங்குச் சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இக்கட்டுரையாளரும் ஆட்டிசமுடையவர். கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை வாசிக்கையில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. இரு கைகளாலும் காதுகளைப் பொத்தி நின்றபோது, அமர்வின் தலைவர் மிக்க பரிவோடு, "கூச்சப்படாம வாசிங்க தம்பி" என்றார். அவர் கூறியது சொல்லளவில் முற்றிலும் சரியானது. காது கூசத்தான் செய்தது. அரங்கில் இருந்தோர் அன்புடன் கைதட்டி ஊக்கினர். அது இன்னும் சிறிது நேரம் கைகளை எடுக்கவிடாமற் செய்தது.

இவ்விரு பொருள்களையும் பிரித்தறியத் தமிழின் தொடரமைப்பே ஓரளவு உதவுகிறது. 'எனக்குக் கண் கூசுகிறது' என்னும் தொடரில் எழுவாய் கண். அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். அவர் எதுவும் செய்யவில்லை, அவருக்கு ஒன்று நேர்கிறது. 'அவள் பேசக் கூசுகிறாள்', 'அவன் கூச்சப்படுகிறான்' என்னும் தொடர்களில் எழுவாய் மனிதர். கூச்சத்தை விடு என்று அவருக்கு ஏவல் இடலாம். கண்ணுக்கு அவ்வாறு ஏவலிட முடியாது. விதிவிலக்குகளும் உண்டு. 'எனக்குக் கூச்சமாக இருக்கிறது' என்பது இருபொருளுக்கும் இடம் தரும். 'மனம் கூசியது' என்பதில் எழுவாய் உறுப்புப்போல் நின்றும் பொருள் அறத்தின்பாற்பட்டது. எனினும் உறுப்பு எழுவாயாக வரும் இடமே புலன்பொருளுக்கு இயல்பான இருப்பிடம் என்று துணியலாம்.

இந்நோக்கில் அளவுகோலின் தொடர்களையும் தன்வரலாற்றின் தொடர்களையும் மீளப்படித்தால் வேறுபாடு இலக்கண வடிவிலேயே தெரிகிறது. 'வெறிக்கிறான்', 'முகர்கிறான்', 'காதைப் பொத்துகிறான்' என்பவற்றில் குழந்தை எழுவாய்; பயனிலை ஒரு நடத்தை. நடத்தையைத் திருத்தலாம் என்னும் எண்ணம் இத்தொடரமைப்பிலிருந்து எளிதில் கிளைக்கிறது. காதைப் பொத்தாதே என்று பயிற்றுவிக்கும் பயிற்சிகள் இத்தொடரை மட்டும் படித்தவர்களால் வகுக்கப்படுகின்றன. 'அவனுக்குக் காது கூசுகிறது' எனின், தேடவேண்டியது குழந்தையின் நடத்தையில் இல்லை. அறையில் உள்ள ஏதோ ஓர் ஒலியில் உள்ளது. பல் கூசுகிறது என்பவரிடம் 'எது பட்டால் கூசுகிறது, குளிர்ச்சியா, இனிப்பா?' என்றுதான் கேட்கிறோம். தைரியமாக இரு என்று யாரும் சொல்வதில்லை. நம் சமையலறைகளில் கன்னரின் முட்டை அடிக்கும் கருவிக்குப் பதில் மிக்சியும் குக்கர் விசிலும் உள்ளன. மிக்சி ஓடும்போது ஓடி ஒளியும் குழந்தையின் கையில் அதன் விசையைத் தந்தால் என்ன நிகழும் என்பதைக் கிராண்டினைப் படித்தவர் ஊகிக்கக்கூடும்.

'தொட்டாற்சிணுங்கி' என்னும் வசைச்சொல்லையும் இத்துடன் சேர்த்து எண்ணலாம். செடிக்கு அது பெயர். குழந்தைக்கு அது பழிப்பு. செடி சுருங்குவதை யாரும் குணக்கேடாகக் கொள்வதில்லை. தொட்டவரே தொடுகையை நிறுத்திச் சற்றுக் காத்திருக்கிறார்.

'கூச்சம்' என்னும் சொல்லால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று இக்கட்டுரை கருதவில்லை. ஆட்டிசமுடையோர் பலருக்குச் சில புலன்கள் மிகையாகவும் சில குறைவாகவும் இயங்குகின்றன. அடிபட்டும் வலி தெரியாமை, குளிர் உறைக்காமை ஆகியவற்றைக் கூச்சம் என்பது பொருந்தாது. 'மரத்தல்' என்னும் சொல் ஓரளவு அருகில் வரும். ஆனால் மரத்தல், முன்பிருந்த உணர்வு போனதைச் சுட்டுவது. தொடக்கத்திலேயே அளவு வேறாக இருப்பதைச் சுட்டாது. வில்லியம்ஸின் புள்ளிகளுக்கும் பேக்ஸின் நீருக்கும் கூச்சம் எவ்வகையிலும் பெயராகாது. அவை இன்பங்கள். குழாயடியில் விரல்களால் நீரைத் துழாவிக்கொண்டிருப்பதற்குத் தமிழில் 'அளைதல்' என்னும் நல்ல வினை உண்டு. பயன் கருதாது, குறியீடு கருதாது, கைக்கும் பொருளுக்கும் இடையே நிகழ்வதை மட்டும் அது சுட்டுகிறது. பேக்ஸ் தம் 'மொழிபெயர்ப்பில்' நீர் பற்றிக் கூறியது இவ்வினையின் பொருளேயாகும். ஆயின் நம் வழக்கில் அளைவது குழந்தை மட்டுமே. வளர்ந்தவர் ஒருவர் நீரை அளைந்துகொண்டிருந்தால், வேறு சொல்லைத்தான் தேடுகிறோம்.